காற்றை வெல்வது சைக்கிளா, உடலா?



இன்றைய கருத்தரங்கில் நெறியாளர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "வேலை, குடும்பம் இவற்றுக்கிடையே வார இறுதியில் சைக்கிளோட்டப் போட்டிகளில் கலந்துகொள்பவர்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். அவர்களில் சிலர் ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்து டைம் டிரையல் சைக்கிள் வாங்குகிறார்கள். வாங்கிய பிறகும் வேகம் கூடவில்லையே என்று வருந்துகிறார்கள். குறை எங்கே இருக்கிறது?"

குறை பெரும்பாலும் சைக்கிளில் இல்லை. அதன்மேல் நாம் அமரும் விதத்தில் இருக்கிறது. இதைத்தான் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

டைம் டிரையல் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் வீரர்கள் கூட்டமாகப் புறப்படுவதில்லை. ஒருவர்பின் ஒருவராக, சிறிது இடைவெளி விட்டுப் புறப்படுகிறார்கள். குறிப்பிட்ட தூரத்தை யார் குறைந்த நேரத்தில் கடக்கிறார்களோ அவரே வெற்றியாளர். இன்னொருவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக் காற்றிலிருந்து தப்பிக்க வழியில்லை. காற்று முழுவதையும் தன் உடலாலேயே கிழித்துக்கொண்டு போக வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத சுவர்

வீட்டருகே கடைக்குச் செல்லும்போது காற்று ஒரு பொருட்டாகத் தெரிவதில்லை. வேகம் கூடக்கூட அது சுவர்போல் முன்னே நிற்கிறது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அந்த எதிர்ப்பைத் தாண்டிச் செல்ல நம் கால்கள் தரவேண்டிய சக்தியோ எட்டு மடங்காகிறது. சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் செலவிடும் சக்தியில் நூற்றுக்கு 80 பங்குக்கும் மேல் காற்றுக்கே போய்விடுகிறது. டயரின் உராய்வு, சங்கிலியின் உராய்வு எல்லாம் மிச்சமிருக்கும் சிறு பங்குதான்.

அந்தக் காற்றுத்தடையில் சைக்கிளின் பங்கு எவ்வளவு, மனிதனின் பங்கு எவ்வளவு? ஏறத்தாழ முக்கால் பங்கு மனித உடலினால் வருவது. சட்டமும் சக்கரமும் மீதிக் கால் பங்குக்குத்தான் பொறுப்பு. அந்தக் கால் பங்கில் ஒரு துளியைக் குறைக்க ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறோம். முக்கால் பங்கை அப்படியே விட்டுவிடுகிறோம். சற்றுச் சிந்தித்துப் பாருங்கள், இது சரியான கணக்கா?

காற்றுத்தடையை அளக்க வல்லுநர்கள் ஓர் எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் உடலின் பரப்பையும், அந்த உருவம் காற்றை எவ்வளவு எளிதாக விலக்குகிறது என்பதைக் காட்டும் எண்ணையும் பெருக்கி வருவது அது. நாம் இதைக் "காற்றுத்தடைப் பரப்பு" என்று அழைப்போம். சாதாரணப் பந்தய சைக்கிளில் வளைந்த கைப்பிடியின் கீழ்ப்பகுதியைப் பிடித்துக் குனிந்து செல்பவருக்கு இது சுமார் 0.30 சதுர மீட்டர் இருக்கலாம். டைம் டிரையல் சைக்கிளில் நன்றாக அமரப் பழகிய பொழுதுபோக்கு வீரருக்கு 0.25 அளவுக்கு வரலாம்.

இந்தச் சிறு வேறுபாடு என்ன செய்யும்? நம் நாட்டு வெப்பக் காற்றின் அடர்த்தியை வைத்து, வீரரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். 0.30 உள்ளவர் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல ஏறத்தாழ 280 வாட் சக்தி தேவை. 0.25 உள்ளவருக்கு அதே வேகத்துக்கு 240 வாட் அளவே போதும். அதே 280 வாட்டைக் கொடுத்தால் அவர் மணிக்கு 42 கிலோமீட்டரைத் தாண்டிவிடுவார். 40 கிலோமீட்டர் போட்டியில் மூன்று நிமிடத்துக்கு மேல் மிச்சமாகும். கால்களின் வலிமை ஒரு துளியும் கூடவில்லை. அமர்ந்த விதம் மட்டுமே மாறியிருக்கிறது.

வரலாறு சொல்லும் சாட்சி

1989ஆம் ஆண்டு பிரான்ஸ் சுற்றுச் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் டைம் டிரையல். பிரான்சின் லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் அவரைத் துரத்தினார். லெமாண்ட் தம் சைக்கிளில் முன்னே நீண்டிருக்கும் கைப்பிடியைப் பொருத்தியிருந்தார். முழங்கைகளைத் தாங்கியில் ஊன்றி, இரு கைகளையும் நெருக்கி முன்னே நீட்டிக்கொள்ளும் அமைப்பு அது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் வீரர்களிடமிருந்து வந்தது. தலையில் காற்றை விலக்கும் கவசமும் அணிந்திருந்தார். ஃபின்யோனோ பழைய கொம்பு வடிவக் கைப்பிடியைப் பிடித்து, தலைக்கவசம் இல்லாமல், முடிந்த கூந்தலோடு ஓட்டினார்.

அன்று லெமாண்ட் 58 விநாடி வேகமாக ஓட்டினார். மூன்று வார காலப் பந்தயத்தை 8 விநாடி வேறுபாட்டில் வென்றார். ஃபின்யோன் இருக்கைப் புண்ணால் அவதிப்பட்டார் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால், இவ்வளவு சிறிய வேறுபாட்டில் முடிந்த போட்டியில், அமர்ந்த விதத்துக்குப் பங்கே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த சாட்சி ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரி. பெரிய தொழில்முறை அணி எதிலும் இல்லாதவர். தம் சைக்கிளைத் தாமே செய்துகொண்டவர். துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து எடுத்த பேரிங்கை அதில் பயன்படுத்தினார் என்பது பலரும் அறிந்த செய்தி. கைகளை மடக்கி மார்புக்குக் கீழே ஒடுக்கிக்கொண்டு ஓட்டுவது அவர் கண்டுபிடித்த முறை. 1993 ஜூலையில் நார்வேயின் ஹாமார் நகரில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். 1994இல் அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கம் அந்த அமர்வு முறையைத் தடை செய்தது.

மூன்றாவது சாட்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிரிட்டனின் கிறிஸ் போர்ட்மேன் 1996இல் மான்செஸ்டரில் ஒரு மணி நேரத்தில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். கைகளைப் பறப்பதுபோல் முன்னே முழுமையாக நீட்டிய அமர்வு அது. பின்னர் அதுவும் தடை செய்யப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அதே போர்ட்மேன், அதே மான்செஸ்டரில், பழைய பாணி சைக்கிளில் பழைய பாணி அமர்வில் ஓட்டினார். தூரம் 49.441 கிலோமீட்டர். ஏறத்தாழ 7 கிலோமீட்டர் குறைவு! நான்கு ஆண்டுகளில் அவர் உடல்நிலை மாறியிருக்கும் என்பது உண்மையே. ஆனாலும் 7 கிலோமீட்டரை அது மட்டும் விளக்கிவிடாது.

பார்த்துப் போடும் கோலம் சரிவராது

இதைக் கேட்டதும் சிலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? உலக வெற்றியாளரின் படத்தைப் பார்க்கிறார்கள். அவர் முதுகு தரைக்கு இணையாக இருக்கிறது. உடனே தங்கள் கைப்பிடியையும் கடைசி வரை இறக்கிவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கிறது. இருபது நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது. அரை மணியில் எழுந்து நேராக உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுந்து உட்கார்ந்த அந்தக் கணமே சேமித்ததெல்லாம் காற்றோடு போய்விடுகிறது.

மிகத் தாழ்ந்த அமர்வுதான் மிக வேகமான அமர்வு என்பது தவறான எண்ணம். தொடை மேலே வரும்போது வயிற்றை இடித்தால் இடுப்பு மடங்கி நெருக்கப்படுகிறது. மூச்சும் காலின் சக்தியும் குறைகின்றன. ஓர் எடுத்துக்காட்டு: முழங்கைத் தாங்கியை இறக்கியதால் காற்றுத்தடை நூற்றுக்கு 3 பங்கு குறைந்தது, ஆனால் கால் தரும் சக்தி நூற்றுக்கு 5 பங்கு குறைந்தது என்றால் நீங்கள் முன்பைவிட மெதுவாகத்தான் செல்வீர்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கேயும் பொருந்தும்.

எங்கிருந்து தொடங்குவது?

வீடு கட்டுபவர் அடித்தளத்திலிருந்து தொடங்குவதைப்போல, அமர்வைச் சரிசெய்பவர் இருக்கையிலிருந்து தொடங்க வேண்டும். கைப்பிடியிலிருந்து அல்ல.

முதலாவது, இருக்கை. டைம் டிரையல் சைக்கிளில் இருக்கை சாதாரணப் பந்தய சைக்கிளைவிட முன்னே தள்ளி இருக்கும். ஏன்? மேலுடலை முன்னே சாய்க்கும்போது இடுப்பும் சேர்ந்து முன்னே வந்தால்தான் தொடைக்கும் வயிற்றுக்கும் இடையே இடம் கிடைக்கும். முழு உடலும் பெடல் அச்சைச் சுற்றி ஒன்றாக முன்னே சுழன்றதுபோல் இருக்க வேண்டும். இருக்கையை ஒரு சென்டிமீட்டர் முன்னே தள்ளினால், கால் நீளும் அளவு மாறாதிருக்க அதை 2 அல்லது 3 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். போட்டி விதிகளில் இதற்கு வரம்பு இருக்கலாம். நீங்கள் கலந்துகொள்ளும் போட்டியின் விதியை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, பெடலைத் தாங்கும் கிராங்கின் நீளம். 170 மில்லிமீட்டர் கிராங்குக்குப் பதில் 165 போட்டால், கால் நீளும் அளவைக் காக்க இருக்கையை 5 மில்லிமீட்டர் உயர்த்துவோம். பெடல் உச்சிக்கு வரும்போது பாதம் 5 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து தொடைக்கு 10 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. குட்டையானவர்களுக்கும் இடுப்பு இறுக்கமானவர்களுக்கும் இது பெரிய உதவி.

மூன்றாவது, முழங்கைத் தாங்கி. உடலின் முன்பாரத்தை எலும்புகள் தாங்க வேண்டும், தசைகள் அல்ல. மேற்கை உடலுக்கு ஏறத்தாழ செங்குத்தாக இறங்கி முழங்கையில் ஊன்றினால் தோள் களைப்படையாது. தாங்கியை இறக்குவதானால் ஒரு முறைக்கு 5 மில்லிமீட்டர் இறக்குங்கள். இரண்டு வாரம் பழகுங்கள். பிறகு அடுத்த 5 மில்லிமீட்டர். முன்னே நீண்ட கைப்பிடி சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால், கைகள் முகத்துக்கு முன்னே வந்து காற்றைப் பிளக்கும். அண்மைக் காலத்தில் முன்னணி வீரர்கள் பலர் கையை உயர்த்திப் பிடிப்பதற்கு இதுவே காரணம். பிடியும் இதில் இயல்பாக இருக்கும்.

நான்காவது, தலை. காசு செலவில்லாமல் அதிகப் பயன் தருவது இதுதான். தோள்களைக் காதுப் பக்கம் குறுக்கி, தலையை அவற்றுக்கிடையே ஆமைபோல் உள்ளிழுத்துக்கொண்டால், காற்று தலையைத் தாண்டி முதுகின்மேல் வழுக்கிச் செல்லும். ஆனால் கண் சாலையை விட்டு இறங்கக் கூடாது. தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்த்து ஓட்டியதால் நின்றுகொண்டிருந்த வாகனத்தில் மோதிய விபத்துகள் உலகில் பல நடந்திருக்கின்றன. எதிரே வருவது தெரியாத அமர்வு எவ்வளவு வேகமானாலும் அது அமர்வே அல்ல.

ஐந்தாவது, உடை. காற்றில் படபடக்கும் தளர்ந்த சட்டை நாம் சேமித்ததைத் தின்றுவிடும். உடலோடு ஒட்டிய உடை, சரியாக ஒட்டிய எண் அட்டை, பொருத்தமான தலைக்கவசம் ஆகியவை விலையுயர்ந்த சக்கரத்துக்கு முன் வாங்க வேண்டியவை. நம் வெப்பத்தில் துளைகள் இல்லாத கவசம் தலையைச் சூடாக்கும். அரை மணி நேரப் போட்டிக்கு அது சரியாக இருக்கலாம். நண்பகல் வெயிலில் பல மணி நேரம் ஓட்டுபவருக்குக் காற்றோட்டமுள்ள கவசமே நல்லது.

கண்ணை நம்பாதே, கணக்கை நம்பு

மாற்றம் செய்தாயிற்று. பயன் தந்ததா என்று எப்படி அறிவது? தொழில்முறை வீரர்கள் காற்றுச் சுரங்கத்துக்குச் செல்கிறார்கள். நமக்கு அமைதியான ஒரு சமதரைச் சுற்றுப்பாதையும், காற்றடங்கிய அதிகாலையும், பெடலில் செலுத்தும் சக்தியைக் காட்டும் பவர் மீட்டரும் போதும்.

முறை எளிது. பழைய அமர்வில் ஒரு குறிப்பிட்ட சக்தியில் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு புதிய அமர்வில் அதே சக்தியில் அதே தூரம். மீண்டும் பழையது, மீண்டும் புதியது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். உடை, டயர் காற்று, தண்ணீர்ப் போத்தல் எதையும் இடையில் மாற்றக் கூடாது.

இதில் ஒரு முக்கிய விதி உண்டு. பழைய அமர்வின் இரண்டு ஓட்டங்களுக்கிடையே உள்ள வேறுபாடு, பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தால் அன்றைய சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. காற்று மாறியிருக்கலாம், வாகனம் கடந்திருக்கலாம். இன்னொரு நாள் மீண்டும் செய்து பாருங்கள். நமக்குப் பிடித்த விடை வந்ததும் சோதனையை நிறுத்திவிடுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

பவர் மீட்டர் இல்லாதவர்கள், நிலையாகப் பொருத்திய சைக்கிளில் அமர்ந்து முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பார்க்கலாம். தோள் விரிந்திருக்கிறதா, தலை தூக்கி நிற்கிறதா என்பது படத்தில் தெரிந்துவிடும். ஆனால் படம் பரப்பை மட்டுமே காட்டும். உடலுக்குப் பின்னால் காற்று எப்படிச் சுழல்கிறது என்பதைக் காட்டாது. எனவே படம் தொடக்கமே தவிர முடிவல்ல.

எல்லாருக்கும் ஓர் அளவா?

இல்லை. லங்காவியில் நடக்கும் அயர்ன்மேன் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நீந்திக் கரையேறியவர் 180 கிலோமீட்டர் சைக்கிளோட்ட வேண்டும். அத்தோடு முடிந்துவிடாது. பிறகு 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். அவருடைய அமர்வும், 20 கிலோமீட்டர் டைம் டிரையலை அரை மணியில் முடிப்பவரின் அமர்வும் ஒன்றாக இருக்க முடியாது. நீண்ட தூரம் செல்பவர் கைப்பிடியைச் சற்று உயர்த்தி, குடிக்கவும் உண்ணவும் வசதியாக வைத்துக்கொள்வதே அறிவுடைமை. ஐந்து மணி நேரம் நிலைத்திருக்கும் சுமாரான அமர்வு, அரை மணியில் கலைந்துவிடும் சிறந்த அமர்வைவிட வேகமானது.

வயதும் கணக்கில் வரும். பகல் முழுதும் அலுவலகத்தில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் 45 வயதுக்காரரின் இடுப்பும் தொடையின் பின்தசையும், 22 வயது இளைஞனுடையதைப்போல் வளையா. அவர் முதலில் உடலைத் தளர்த்தும் பயிற்சி செய்யட்டும். கைப்பிடி பிறகு இறங்கும். புதிய அமர்வு உடலுக்குப் பழகப் பல வாரங்கள் பிடிக்கும். முதல் நாள் பத்து நிமிடம், அடுத்த வாரம் இருபது நிமிடம் என்று கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

உடல் தரும் எச்சரிக்கைகளைப் பொறுத்துக்கொள்வது வீரம் அல்ல. தொடைகளுக்கிடையே மரத்துப் போனால், அங்கே நரம்பும் இரத்த ஓட்டமும் அழுத்தப்படுகின்றன என்று பொருள். ஆண்கள் இதை வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். பெண்களும் சொல்வதில்லை. உடனே நிறுத்திவிட்டு, இருக்கையின் சாய்வை மாற்றுங்கள். முனை பிளவுபட்ட இருக்கையைப் பயன்படுத்திப் பாருங்கள். மரத்துப் போவது தொடர்ந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். விரல்களில் கூச்சம், விடாத கழுத்து வலி, முழங்கால் வலி ஆகியவற்றுக்கும் இதே அறிவுரைதான்.

சாலை நமக்கு மட்டும் உரியதல்ல

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. முன்னே நீண்ட கைப்பிடியைப் பிடித்திருக்கும்போது கைகள் பிரேக்கில் இல்லை. பிரேக்கைப் பிடிக்கக் கையை இடம் மாற்ற வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி தாமதம் என்றால், பிரேக் பிடிக்குமுன்பே 11 மீட்டர் ஓடிவிடுவோம். வளைந்து திருப்பும் கட்டுப்பாடும் குறைவு. எனவே நண்பர்களோடு கூட்டமாக ஓட்டும்போதும், சந்திப்புகளிலும், பாதசாரிகள் நடமாடும் பூங்காப் பாதைகளிலும் இந்தக் கைப்பிடியைத் தொடவே கூடாது. அதற்குரிய இடம் வாகனம் தடுக்கப்பட்ட போட்டிப் பாதை அல்லது நடமாட்டமில்லாத திறந்த சாலை.

நேயர்களே, சைக்கிளோட்டத்தில் நம் எதிரி பக்கத்தில் ஓட்டுபவர் அல்ல, முன்னே நிற்கும் காற்று. அதை வெல்ல முதலில் நம் உடலை அறிந்துகொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சோதனை, ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு குறிப்பு. ஒரு நோட்டுப் புத்தகமும், பக்கத்தில் நின்று படம் எடுத்துத் தரும் ஒரு நண்பரும், ஐந்து மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளும் பொறுமையும் இருந்தால், இப்போது உங்களிடம் இருக்கும் சைக்கிளே உங்களை வியக்க வைக்கும். புதிய சக்கரம் வாங்குவதா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.